ஞாயிற்றுக்கிழமை கேமராக்காரனின் மார்கழி

வருடம் முழுக்க கேமரா வீட்டில் இருந்தாலும் நான் ஒழுங்காகப் படம் எடுப்பது கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசி நடு வரைக்கும்தான். மற்ற மாதங்களில் எடுக்க மாட்டேன் என்றில்லை, எடுத்தால் எனக்கே பிடிக்காது, அவ்வளவுதான். திருநெல்வேலி வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பம்ப்செட்டும் பைப்பும் விற்கிற கடையில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் கடை. ஞாயிறு ஒரு நாள் ஓய்வு, அதிலும் பதினோரு மணிக்குள் கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். ஆக என் கைக்குக் கிடைப்பது விடிந்ததில் இருந்து பத்து மணி வரைக்குமான வெளிச்சம் மட்டும்தான். மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், நான் பல் தேய்த்து பைக்கை எடுத்து ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வெயில் வெளுத்துப்போய் எதைப் பார்த்தாலும் கண் கூசும். ஜனவரியில் அப்படியில்லை. ஆறரை தாண்டித்தான் உதிக்கிறது, ஒன்பது மணி வரைக்கும் சாய்வாகவே நிற்கிறது, பனை மரத்து நிழல் ரோட்டைத் தாண்டி அடுத்த வயல் வரைக்கும் நீளும். என்னைப் போன்ற சம்பளக்காரனுக்கு இதுதான் சீசன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டிசம்பர் 21, 22 வாக்கில்தான் பகல் ரொம்பக் குறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது சரிதான். ஆனால் நம்ம பக்கம் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அன்றைக்கு இல்லை, ஜனவரிக் கடைசியில்தான். பொங்கல் முடிந்து, பகல் நீள ஆரம்பித்த பிறகும் காலையில் சூரியன் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று தூங்கிக்கொண்டே இருக்கும், நீளுகிற நேரமெல்லாம் சாயங்காலத்தில் போய்ச் சேரும். அலாரம் வைத்து எழுகிறவனுக்கு இது சின்ன சந்தோஷம் இல்லை.

அப்புறம் உச்சி வெயில். சித்திரை பிறக்கிற வாக்கில் நண்பகலில் சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும், ஆவணி நடுவில் மறுபடி ஒருமுறை வரும். அந்த நாட்களில் ஒருவர் முகத்தைப் படம் எடுத்தால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புப் பள்ளம்தான் விழும். மார்கழியில் நண்பகலில்கூட சூரியன் தெற்கே ஒதுங்கி, தரையில் இருந்து 58 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கு பார்த்த வாசல்கள் நாள் முழுக்க நிழலில் இருக்கும், தெற்கு பார்த்த திண்ணைகளில் வெயில் உள்ளே வரைக்கும் வந்து உட்காரும். கோயில் மண்டபத்துத் தூண்களை எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், தெற்குப் பக்கத் தூண்களுக்கு வேறு எந்த மாதத்திலும் இந்த மரியாதை கிடைக்காது.

குளிர்காலம் என்று நான் சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஊரில் விடியற்காலை 22 டிகிரி என்றாலே மப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் பரணில் இருந்து இறங்கிவிடும், அதுவும் பைக்கில் வாடைக் காற்றுக்கு எதிராக வயல் நடுவே போகும்போது விரல் நுனி மரத்துப்போய் ஷட்டர் பட்டன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நின்று, "காதை மூடிக்கிட்டுப் போ, அந்தக் கொக்கு எங்கயும் போயிராது" என்பாள்.

வார நாட்களில் கேமரா கடையில் என் மேசை டிராயரில் இருக்கும். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை, ஜிஎஸ்டி கணக்கு நேரத்துக்கு முடிந்தால் அவருக்குப் போதும். கடை டவுனில், நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் பக்கம். சாயங்கால டீ நேரத்தை ஐந்தே முக்காலுக்குத் தள்ளி வைத்துக்கொள்வேன், ஏனென்றால் குளிர்காலத்தில் அந்த நேரத்துக்கு சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். மைனா இனம்தான், மத்திய ஆசியப் பக்கம் இருந்து வருகிறவை, உடம்பு வெளிர் ரோஜா நிறம், தலையும் சிறகும் கறுப்பு. அடைவதற்கு முன்னால் வானத்தில் ஒரே போர்வையாகச் சேர்ந்து சுருங்கி விரிந்து திரும்பும். கீழே முட்டைக்கோஸ் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், லோடுமேன்கள் யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு அது தினமும் நடக்கிற கூத்து. நான் ஷட்டரை வேண்டுமென்றே பதினைந்தில் ஒரு விநாடிக்குக் குறைத்து வைத்து எடுப்பேன், ஒவ்வொரு குருவியும் ஒரு சின்னக் கோடாக இழுபடும், அந்தக் கோடுகள் எல்லாம் சேர்ந்து கூட்டம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதைக் காட்டிவிடும். ஆயிரத்தில் ஒரு விநாடி வைத்து எடுத்தால் குருவி தெளிவாக விழும், ஆனால் வானத்தில் மிளகு சிந்திய மாதிரிதான் இருக்கும். இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர வேண்டாம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர். எடுத்ததில் முக்கால்வாசியை அழிக்கிற வேலை. பக்கத்தில் இருந்து எட்டிப் பார்க்கிற மனைவிக்கு எல்லாம் ஒரே கொக்குதான். "இதுக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்பாள், நான் கழுத்து வளைவு, தண்ணீரில் விழுகிற பிம்பம் என்று ஆரம்பிப்பதற்குள் போய்விடுவாள். சில நேரம் அவள் சுட்டிக்காட்டுவதுதான் நல்ல படமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் கொக்கைப் பார்ப்பதில்லை, பின்னால் மடையில் நிற்கிற ஆளைப் பார்க்கிறாள்.

சொந்தக்காரர்கள் பற்றியும் ஒரு வரி. கேமரா வைத்திருப்பவன் குடும்பத்தில் இருந்தால் காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் போட்டோகிராபர் செலவு மிச்சம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தை மாதத்தில் முகூர்த்தம் ஒன்றன் பின் ஒன்றாக வரும், என் ஞாயிறுகளை மாமாவும் சித்தப்பாவும் பங்கு போட்டுக்கொள்வார்கள். சாப்பாடு நன்றாக இருக்கும், அதனால் போய்வருகிறேன்.

பராமரிப்பு விஷயத்துக்கு வருவோம். குளிரைவிட எங்களுக்குப் பெரிய எதிரி அதற்கு முன்னால் வருகிற ஐப்பசி, கார்த்திகை மழை. வடகிழக்குப் பருவமழையில் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு லென்ஸின் உள்கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும், விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிசாக வெள்ளை நூல் ஓடியிருப்பது தெரியும். இதற்கென்று மின்சார அலமாரி விற்கிறார்கள். என்னிடம் இருப்பது ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். அந்த நீல மணிகள் ஈரம் குடித்தால் ரோஸ் நிறத்துக்கு மாறும், வாணலியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலத்துக்கு வந்துவிடும். நீல நிறத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு, அது விஷம், அதனால் வாணலியைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் வீட்டில் அதற்கென்று கைப்பிடி உடைந்த வாணலி ஒன்று கொல்லையில் கிடக்கிறது. தினமும் கேமராவை எடுத்துப் புழங்குவதும் ஒரு மருந்துதான், மாதக்கணக்கில் பூட்டி வைத்த பைக்குள்தான் பூஞ்சை குடியேறும்.

ஆனால் அந்த மழை பெய்யாவிட்டால் எனக்கு மார்கழியும் இல்லை. குளங்கள் நிறைந்தால்தான் பறவை, தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் ஓடினால்தான் பிசானப் பருவத்து நெல். நட்டு வேர் பிடித்த பயிர் மார்கழியில் கரும்பச்சையாக நிற்கும். மேலப்பாளையம் தாண்டி அம்பாசமுத்திரம் ரோட்டில், தருவை, கோபாலசமுத்திரம், பத்தமடைப் பக்கம் எங்கே வண்டியை நிறுத்தினாலும் இரண்டு பக்கமும் வயல்தான். மேகம் இல்லாத ராத்திரியில் தரை சீக்கிரம் சூட்டை இழக்கும், தண்ணீர் நிற்கிற வயலின் ஈரம் அப்படியே மேலே பனிமூட்டமாகக் கட்டி இடுப்பளவுக்கு மிதக்கும். ஏழரை, மிஞ்சினால் எட்டு மணிக்குக் கலைந்துவிடும். முந்தைய நாள் சாயங்காலம் வானம் சுத்தமாக, காற்று இல்லாமல் இருந்தால் மறுநாள் பனி உண்டு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், பெரும்பாலும் ஏமாற்றாது.

பனியை எடுக்கும்போது கேமரா சொல்வதை அப்படியே கேட்கக் கூடாது. அது எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பலாக ஆக்கத்தான் பார்க்கும், வெள்ளைப் பனி அழுக்குத் துணி நிறத்தில் வந்து நிற்கும். கேமராவில் வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கூட்டி வைத்தால்தான் கண்ணால் பார்த்த வெள்ளை வரும். அரை மணி கழித்து வெயில் ஏறி, அதே வயலில் கொக்கு வந்து நின்றால் இதற்கு நேர் எதிர், இருட்டான பயிரை நம்பி கேமரா வெளிச்சத்தை அள்ளிக்கொட்டும், கொக்கின் இறகு வரி ஒன்றுகூட இல்லாமல் சுண்ணாம்பு அடித்துவிடும். அப்போது குறைக்க வேண்டும். பனிக்கு ஏற்று, கொக்குக்கு இறக்கு, என் சொந்த விதி இவ்வளவுதான்.

அந்த நேரத்தில் வயலில் இருப்பவர் ஒருவர்தான், தண்ணீர் பாய்ச்சுகிறவர். தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி, கையில் டார்ச். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்ன அண்ணாச்சி, நாலு வழிச்சாலைக்கு அளக்க வந்திருக்கியளா?" கேமராவை ஸ்டாண்டில் வைத்து நிற்கிறவன் சர்வே எடுக்க வந்தவனாகத்தான் இருக்க முடியும். இல்லை, சும்மா போட்டோ எடுக்க வந்தேன் என்றால் நம்ப மாட்டார்கள். சும்மா எதற்கு ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை இந்தக் குளிரில் வர வேண்டும்? எடுத்த படத்தைத் திரையில் காட்டினால் சந்தேகம் பாதி போகும். அடுத்த கேள்வி "டிவியில எப்ப வரும்?" என்பதாக இருக்கும். இந்த விசாரணைக்கு நேரம் ஒதுக்காமல் அவசரப்பட்டு எடுக்கிறவர்கள்தான் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். நிலம் அவர்களுடையது, கேட்கத்தான் செய்வார்கள்.

மார்கழி முழுக்க காலை ஐந்து மணிக்கே ஊருக்கு ஊர் மைக்கில் திருப்பாவை ஓடும். வாசல்களில் கோலம், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ. அந்தச் சாணத்தை எங்கள் பக்கம் வீசிவிட மாட்டார்கள், பூவோடு சேர்த்து எருவாகத் தட்டிச் சுவரோரம் காயவைத்திருப்பார்கள், தையில் பெண் பிள்ளைகள் சிறுவீட்டுப் பொங்கல் வைத்து முடித்த பிறகு ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். கோலத்தை எல்லோரும் மேலே இருந்து எடுக்கிறார்கள். எனக்கு அந்தச் சுவர்தான் பிடிக்கும். வாடிச் சுருங்கிய மஞ்சள் பூ, அதைச் சுற்றி ஒரு சிறுமியின் விரல் பதிந்த சாணம், பக்கவாட்டில் வருகிற வெயிலில் விரல் ரேகைகூடத் தெரியும்.

கூந்தன்குளம் பற்றி எழுதாமல் விட்டால் நண்பர்கள் கோபிப்பார்கள். திருநெல்வேலியில் இருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் முப்பத்து சொச்சம் கிலோமீட்டர். 1994ல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022ல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவையைக் காத்து வருகிறார்கள், தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. செங்கால் நாரைகளை அங்கே தேடிப் போக வேண்டாம், அங்கே கூடு கட்டுவது மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும். மஞ்சள் மூக்கு நாரை வீட்டு முற்றத்து வேம்பிலேயே கூடு கட்டியிருக்கும், கீழே பாட்டி பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பார், மேலே இருந்து சொட்டு விழும், ஒதுங்கி உட்கார்ந்து மறுபடி விளக்குவார். நிறைய பேர் பெரிய பெரிய லென்ஸோடு வருகிறார்கள். நாரையின் கண்ணும் அலகும் மட்டும் சட்டம் நிறைய இருக்கும்படி எடுத்துவிட்டு, வந்த வேகத்தில் காரில் ஏறிவிடுகிறார்கள். அந்தப் படத்தை எந்த மிருகக்காட்சி சாலையிலும் எடுக்கலாமே. என்னிடம் இருப்பது பழைய நிக்கானும் ஒரு 70–300 லென்ஸும். அதில் நாரையோடு கூரையும், துணிக்கொடியும், மின்கம்பமும் உள்ளே வந்துதான் தீரும். வரட்டும், அந்த ஊரின் விசேஷமே அதுதான். பெரிய லென்ஸ் வாங்க வசதி இருந்தாலும் இப்படித்தான் பேசுவாயா என்று கேட்டால், வாங்கிவிட்டுச் சொல்கிறேன்.

குளத்தில் பட்டைத்தலை வாத்து வரும், இமயமலையைத் தாண்டி வருகிற வாத்து. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. பகலில் தண்ணீரிலோ கரையிலோ சும்மா உட்கார்ந்திருக்கும், இருட்டிய பிறகுதான் வயலுக்கு மேயப் போகும், அதனால் பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டமாக எழும்புவதற்குக் காத்திருக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் எனக்கு அனுமதி கிடைப்பது பொங்கல் லீவில்தான். அந்த வாரங்களில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும், 2011ல் இருந்து வருடா வருடம் நடக்கிறது, தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில குளங்களைப் பிரித்துக்கொண்டு எண்ணுவார்கள். கேமரா வைத்திருப்பவனுக்கு அங்கே ஒரு உபயோகம் உண்டு. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கலந்து தூரத்தில் மிதக்கும்போது கண்ணால் எண்ணினால் ஆளுக்கு ஒரு கணக்கு வரும், வரிசையாகப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கி எண்ணினால் வாக்குவாதம் குறையும். அழகே இல்லாத படங்கள் அவை. ஆனாலும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

தை பிறப்பதற்கு முன்னால் உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் ஒரு தடவையாவது போய்விடுவேன். பனங்கிழங்கு தோண்டுகிற காலம். பனங்கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மேலே மணல் போட்டு மேடாக வைத்திருப்பார்கள், மழையில் முளைவிட்டு, மார்கழிக் கடைசியில் கிழங்கு தோண்டப் பதமாக இருக்கும். மண்வெட்டியால் ஓரத்தைச் சரித்துவிட்டு ஒரு அம்மா ஒவ்வொன்றாக உருவி எடுத்து, தொடையில் இரண்டு தட்டுத் தட்டி மணலை உதிர்த்து, அரிவாளால் கொட்டையைத் தனியே வெட்டி எறிந்தார். கொட்டையைப் பிளந்து உள்ளே இருந்த தவுணை எனக்குக் கொடுத்தார். பஞ்சு போல வெள்ளையாக, லேசான இனிப்போடு இருந்தது. வாயில் தவுண், கண்ணில் கேமரா. ஈர மணல் ஒட்டிய கிழங்கு, அதைப் பிடித்திருந்த விரல்களில் நகத்தை ஒட்டி மஞ்சள் கறை, பின்னால் காய்ந்த ஓலை வேலி.

அங்கேதான் அந்தப் பெரியவர். பனையேறி வாழ்ந்த மனிதர், மரத்தில் உரசி உரசி நெஞ்சில் காய்ப்பு ஏறியிருந்தது. "தம்பி, என்னைத் தனியா ஒண்ணு எடு. மாட்டுத மாதிரி பெருசா வேணும்" என்றார். வேலி ஓரம் நிற்க வைத்தேன். ஏழரை மணி வெயில் ஒரு பக்கத்தில் இருந்து வந்தது, முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது, மறுபாதி முகம் நிழலில் கரைந்திருந்தது. எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டு, அடுத்த வாரம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையை நீட்டித் தள்ளி வைத்தும் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒரு பக்கம் கருப்பா கெடக்கு. வெளிச்சம் பத்தலையோ?"

அதுதான் ஐயா அழகு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் சூரியனை நேருக்கு நேர் பார்த்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி நின்றார். மணி பதினொன்று, கறிக்கடை விஷயமாக வீட்டில் இருந்து போன் வந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு பொட்டு நிழல் இல்லாமல், கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றவரை எடுத்தேன். அதை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.